ஒரு இழை அறுந்தால் தறி நிற்க வேண்டும்

(சின்ன காஞ்சிபுரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், கூட்டுத் தொழில் தொடங்கியுள்ள மற்றும் தொடங்கவிருக்கும் குழு உறுப்பினர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு, 'ஜப்பான்காரர்களைப் போல ஒற்றுமையாக வேலை செய்வது எப்படி?' என்பது. தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் ஒரு அக்கா, "ஜப்பான் எங்கே, நம்ம அய்யம்பேட்டை எங்கே?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மற்றதைப் பேசுகிறேன்.

விடியற்காலையில் நம்ம ஊர்களுக்குள் கம்பெனி பஸ் வருகிறது. உங்கள் மகளோ, தங்கையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ அதில் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறாள். அங்கே ஒரகடத்தில் கொமாட்சு இருக்கிறது, வல்லம் வடகாலில் யமஹா இருக்கிறது. இரண்டும் ஜப்பான் கம்பெனிகள். அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற கம்பெனிகள் ஏராளம். அந்தப் பொண்ணுகிட்ட "ஃபைவ் எஸ்னா என்னம்மா?"ன்னு கேட்டுப் பாருங்க, கடகடன்னு சொல்லுவா. ஜப்பான் நம்ம வாசலுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. அதில் நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று நாமே பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

ஏன் இப்போது?

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1997-ல் மகளிர் திட்டம் வந்தது. அன்றைக்கு நம் கேள்வியெல்லாம் "பணத்துக்கு என்ன செய்வது?" என்பதுதான். சேமித்தோம், உள்கடன் கொடுத்தோம், வாங்கினோம், வங்கியில் போய் மேனேஜர் எதிரே நாற்காலியில் உட்காரக் கற்றுக்கொண்டோம்.

இன்றைக்கு வேறொரு கேள்வி வந்திருக்கிறது. கடன் வாங்கி ஆளுக்கு ஒரு பசு வாங்கினால், அவரவர் பசு அவரவர் வீட்டில் கட்டிக் கிடக்கும். சண்டைக்கு இடமில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு தையல் கூடம் வைத்தால்? முறுக்கு, அதிரசம் போட ஒரு சமையல் கூடம் வைத்தால்? ஒரே அறை, ஒரே மின்கட்டண அட்டை, ஒரே ஆர்டர், ஒரே நல்ல பெயர். அங்கே ஒருத்தி முகம் கோணினால் பன்னிரண்டு பேருக்கும் வேலை கெடும்.

கூட்டுத் தொழில் சரக்கு விற்காமல் மட்டும் படுத்துவிடுவதில்லை. "அவ சொல்லி நான் கேக்கணுமா?" என்ற பேச்சிலும் படுத்துவிடும். கடன் குழுவின் பெயரில் இருக்கிறது. நாலு பேர் கோபித்துக்கொண்டு போனால் மீதி எட்டுப் பேர் தலையில் தவணை விழும். பத்து வருஷம் கட்டிக் காத்த குழு, பத்து மாதத் தொழிலில் உடைந்து போகக் கூடாது. இந்தப் பேச்சின் அவசியம் அதுதான்.

நம்மிடம் ஏற்கனவே இருப்பது

ஒற்றுமையாக வேலை செய்வதற்கு நாம் புதிதாகப் பிறந்து வர வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பட்டுச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே பிணைத்து நெய்வதுதான் கோர்வை. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரே எல்லாவற்றையும் ஓட்ட முடியாது. தறியின் மறுபக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் போனால் கோர்வை பிசகாமல் விழும். ஒருவர் அவசரப்பட்டால் கரை இழுத்துக்கொள்ளும்.

அது மட்டுமா? தார் சுற்றுவது யார்? பாவு போடும்போது இழை பிடித்து நிற்பது யார்? பழைய பாவோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பிணைப்பது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, உலகம் முழுக்கப் பேர் இருக்கிறது. ஆனால் தார் சுற்றிய கைக்கு என்ன கூலி என்று எந்த நோட்டிலாவது எழுதியிருக்கிறோமா? சேர்ந்து வேலை செய்வது நமக்குப் பழக்கம்தான். சேர்ந்து செய்த வேலையை ஆளுக்கு ஆள் சரியாகக் கணக்கிடுவதுதான் பழக்கம் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

ஒரு நெசவுக்காரம்மாவின் மகன்

இன்றைக்கு டொயோட்டா கார் இல்லாத நாடு கிடையாது. அந்தக் கம்பெனியின் வேர் காரில் இல்லை, தறியில் இருக்கிறது. 1867-ல் ஜப்பானில் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர் சகிச்சி டொயோடா. அவருடைய அம்மா தறி நெய்கிறவர். அம்மா படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, 1890-ல் ஒரு மரக் கைத்தறியைத் திருத்தி அமைத்தார். அதற்கு முன் நாடாவை ஓட்ட இரண்டு கையும் வேண்டும். அவர் செய்த தறியில் ஒரு கை போதும்.

பிறகு விசைத்தறிக்குப் போனார். 1924-ல் அவர் முடித்துக் கொடுத்த தானியங்கித் தறியில் ஒரு விசேஷம். ஒரு இழை அறுந்தால் போதும், தறி தானாக நின்றுவிடும். நெசவு தெரிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுந்த இழையோடு நெய்துகொண்டே போனால் எத்தனை முழம் வீணாகும்! நின்றுவிட்டால் ஒரு முடிச்சோடு போச்சு.

1929-ல் அந்தத் தறியின் காப்புரிமையை இங்கிலாந்தில் பிளாட் பிரதர்ஸ் என்ற கம்பெனிக்கு விற்றார்கள். மகன் கீச்சிரோ கார் ஆராய்ச்சியில் இறங்கினார். 1937-ல் டொயோட்டா கார் கம்பெனி பிறந்தது. அப்பா தறியில் வைத்த அதே நியாயத்தைக் கார் தொழிற்சாலையிலும் வைத்தார்கள். வேலை செய்கிற இடத்துக்கு மேலே ஒரு கயிறு ஓடும். சாதாரணத் தொழிலாளி ஒருவர் தப்பைப் பார்த்தால் அந்தக் கயிற்றை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார். அங்கேயே சரி செய்ய முடியாவிட்டால் அந்த வரிசையே நிற்கும். கயிறு இழுத்ததற்காகத் திட்டுவது அந்த முறைக்கே விரோதம்.

இதை நம்ம கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். பட்டன் வைக்கிற தங்கச்சி, வயசில் சின்னவள், குழுவில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கட்டிங் செய்கிற அக்கா ஊக்குநர், பெரியவர். கழுத்து அளவு ஒரு இஞ்ச் கூடி இருப்பது தங்கச்சி கண்ணில் படுகிறது. அவள் வாய் திறப்பாளா? "பெரியவங்க வெட்டியிருக்காங்க, நான் என்னத்தைச் சொல்றது?" என்று பட்டனை வைத்துவிட்டுப் போவாள். நாற்பது சட்டையும் திரும்பி வரும்.

அந்தத் தங்கச்சி பயமில்லாமல், "அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க. இதை ஒரு தடவை பாருங்க" என்று சொல்ல வேண்டும். அந்த அக்கா, "நல்லவேளை சொன்னே" என்று பதில் சொல்ல வேண்டும். இதைத்தான் ஜப்பான் முறை என்கிறோம். மெஷின் எல்லாம் அப்புறம்.

பால் வாங்கப் போன பெண்கள்

"அது பெரிய கம்பெனி கதை, எங்களைப் போல வீட்டுப் பொம்பளைங்க கதை இருந்தா சொல்லுங்க" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

1965-ல் டோக்கியோவில் சுமார் 200 பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். பால் விலை தாங்க முடியவில்லை. தனித்தனியாகக் கடையில் வாங்குவதற்குப் பதில், 300 பாட்டில் பாலை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் தொடக்கம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து 'ஹான்' என்று சிறு சிறு குழுக்கள் அமைத்துக்கொண்டார்கள். அரிசி, முட்டை, காய்கறி என்று உற்பத்தியாளரிடமே பேசி வாங்கினார்கள். இதுதான் 'செய்கட்சு கிளப்' என்ற பெரிய கூட்டுறவு அமைப்பாக வளர்ந்தது. 1989-ல் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது அதற்குக் கிடைத்தது.

1982 முதல் அந்தப் பெண்கள் இன்னொரு படி ஏறினார்கள். எல்லோரும் பங்குப் பணம் போடுவது, எல்லோரும் வேலை செய்வது, எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பது என்று தொழில்கள் தொடங்கினார்கள். சாப்பாடு கட்டிக் கொடுப்பது, முதியோரைக் கவனிப்பது என்று பல வேலைகள். அங்கே முதலாளி என்று தனியாக யாரும் கிடையாது. நம்ம கூட்டுத் தொழிலும் இதுதானே!

அங்கே சீட்டும் உண்டு தெரியுமா? 'தனோமோஷி' என்று பல நூறு வருஷமாக நம்ம சீட்டு மாதிரியே பணம் போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்கிற வழக்கம் இருந்தது. ஷிரகவா-கோ என்ற மலைக் கிராமத்தில் கூரை மாற்ற வேண்டுமென்றால் ஊரே கூடி ஏறி வேய்ந்து கொடுக்கும். இன்றைக்கு உன் கூரை, நாளைக்கு என் கூரை. அதற்கு 'யுயி' என்று பெயர். நாம் ஒருவர் வயலில் ஒருவர் மாற்றாளாகப் போய் நாற்று நட்டுக் கொடுத்த மாதிரி.

ஐந்து பழக்கங்கள்

இனி காரியத்துக்கு வருவோம். செலவில்லாமல் நாளைக்கே தொடங்கக்கூடிய ஐந்து பழக்கங்களைச் சொல்கிறேன்.

1. கீரைப் பழக்கம். ஜப்பானில் வேலைக்குச் சேருகிற புது ஆளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது 'ஹோ-ரென்-சோ'. நடந்ததைச் சொல்வது, சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் கொடுப்பது, சந்தேகம் வந்தால் கலந்து பேசுவது என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துக்கள் அவை. அந்த ஊர் மொழியில் 'ஹோரென்சோ' என்றால் பாலக் கீரை! மறக்காமல் இருக்க அப்படி வைத்துவிட்டார்கள். நாமும் வைத்துக்கொள்வோம். "ஜாக்கெட் துணி பத்து மீட்டர் குறைஞ்சிருக்கு" என்பது தெரிந்த அன்றே சொன்னால் அது தகவல். டெலிவரி அன்றைக்குச் சொன்னால் அது சண்டை. ஆகையால் தினமும் காலையில் எல்லோரும் பத்து நிமிஷம் நின்றபடியே பேசுங்கள். நேற்று என்ன முடிந்தது, இன்றைக்கு என்ன வேலை, எதில் தடை? இந்த மூன்று கேள்வி போதும். உட்கார்ந்தால் பேச்சு நாத்தனார் வீட்டுக்கும் சீரியலுக்கும் போய்விடும். அதனால்தான் நின்றபடி!

2. வேரைச் சுற்றி மண் தள்ளுவது. ஒரு மரத்தை வேறிடத்தில் நட வேண்டுமென்றால், ஒரே நாளில் பிடுங்கினால் பட்டுப்போகும். முன்னாலேயே வேரைச் சுற்றி மண்ணை இளக்கி மரத்தைத் தயார் செய்வார்கள். ஜப்பான்காரர்கள் அதற்கு 'நெமவாஷி' என்பார்கள். முடிவெடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய்க் கருத்துக் கேட்பதற்கும் அதே பெயர். நம்ம ஊரில் என்ன நடக்கிறது? தீர்மான நோட்டை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கம்மா" என்கிறோம். போட்டுவிட்டு வெளியே வந்து, "என்னை யாரு கேட்டா?" என்கிறார்கள். புது மெஷின் வாங்குவதா, ஓவர்டைம் பார்ப்பதா, எதுவாக இருந்தாலும் கூட்டத்துக்கு முந்தின வாரமே வாய் பேசாத உறுப்பினரிடம் முதலில் போங்கள். ஒன்று கவனிக்க வேண்டும். ஒருத்திக்கு எதிராக ஆள் சேர்ப்பதற்கு இந்தப் பேரை வைத்துக்கொள்ளாதீர்கள். போய்க் கேட்ட கருத்தையெல்லாம் கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்லிவிட வேண்டும்.

3. ஐந்து 'ஏன்'. தப்பு நடந்தால் "யாரு?" என்று கேட்பது நம் வழக்கம். டொயோட்டாவில் "ஏன்?" என்று ஐந்து தடவை கேட்பார்கள். உதாரணத்துக்கு, இருபது ஜாக்கெட் அளவு மாறிப் போச்சு என்று வைத்துக்கொள்வோம். ஏன்? கட்டிங்கில் மாறியது. ஏன் மாறியது? அளவுச் சீட்டு இல்லாமல் ஞாபகத்தில் வெட்டினார்கள். ஏன் சீட்டு இல்லை? துணியோடு வந்த சீட்டு எங்கேயோ விழுந்துவிட்டது. ஏன் விழுந்தது? வைக்க ஒரு இடம் இல்லை. ஏன் இடம் இல்லை? அதை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் பேசவே இல்லை. ஆக, சுவரில் ஒரு ஆணி, ஒரு கிளிப்பு, அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள். பத்து ரூபாயில் முடிகிற விஷயம். "யாரு?" என்று கேட்டிருந்தால் ஒரு உறுப்பினரை இழந்திருப்போம், சீட்டு மறுபடியும் தொலைந்திருக்கும்.

4. ஐந்து 'எஸ்'. வேண்டாததை அப்புறப்படுத்து. வேண்டியதைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வை. சுத்தம் செய். இந்த மூன்றையும் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய ஒரு முறை வகுத்துக்கொள். யாரும் சொல்லாமலே செய்கிற பழக்கமாக்கு. அடுப்படியில் மிளகாய்த்தூள் டப்பா எங்கே என்று இருட்டிலும் நமக்குத் தெரிகிறது அல்லவா? தையல் கூடத்தில் கத்தரிக்கோலும் அப்படி இருக்க வேண்டும். சுவரில் கத்தரிக்கோல் படம் வரைந்து அதன் மேல் மாட்டுங்கள். மாட்டவில்லை என்றால் படம் காட்டிக் கொடுத்துவிடும். முக்கியமாக ஒன்று: பெருக்குவது யார்? ஜப்பான் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளே வகுப்பறையைச் சுத்தம் செய்கிறார்கள். நம் கூடத்தில் பெருக்குகிற வேலை எப்போதும் ஒரே உறுப்பினர் தலையில், ஒரே தெருவிலிருந்து வருகிறவர் தலையில் விழுகிறது என்றால், அங்கே ஒற்றுமை இல்லை, பழைய அழுக்குத்தான் இருக்கிறது. தலைவி உட்பட எல்லோருக்கும் முறை வைத்து, பேர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

5. தோள் மாற்றுவது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பாரத்தை ஒரே ஆள்கள் ஊர் முழுக்கச் சுமக்க முடியுமா? தோள் மாற்றுகிறார்கள். மாற்றும்போது பெருமாள் ஆடாமல் இருக்க வேண்டும். நம் கூடத்திலும் கட்டிங், ஓவர்லாக், காஜா, கணக்கு எல்லாவற்றுக்கும் குறைந்தது இரண்டு பேராவது தேற வேண்டும். கணக்கு ஒரே ஆளுக்குத்தான் தெரியும் என்றால், அவர் பிரசவத்துக்குப் போனால் கூடம் படுத்துவிடும். தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தால் தன் மதிப்புப் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. சொல்லிக் கொடுத்தவருக்குத்தான் மதிப்பு என்று குழு நடந்து காட்ட வேண்டும்.

நம்மால் முடியுமா?

'ஜப்பான்காரர்கள் பிறவியிலேயே அப்படி, நமக்கு வராது' என்று சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் ஜப்பான் சாமான் என்றாலே மட்டம் என்றுதான் உலகத்தில் பேர். 1950-ல் டெமிங் என்ற அமெரிக்கர் அங்கே போய்த் தரத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். கேட்டார்கள், செய்தார்கள், அடுத்த வருஷமே அவர் பேரில் ஒரு பரிசும் வைத்தார்கள். 1962-ல் இஷிகாவா என்ற பேராசிரியரின் முயற்சியில் தரவட்டங்கள் தொடங்கின. சாதாரணத் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் வேலையில் என்ன குறை, எப்படித் திருத்துவது என்று தாங்களே பேசுவதுதான் தரவட்டம். நம்ம வாரக் கூட்டத்துக்குத் தங்கச்சி முறை! அவர்களும் கற்றுக்கொண்டுதான் வந்தார்கள்.

நம்ம சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் தொழிற்சாலை 1998-ல் அந்த டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் வாங்கியது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் ஜப்பானிலிருந்து வந்தவர்களா? நம்ம ஆட்கள். சென்னையில் 'ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய்' என்று ஓர் அமைப்பு, ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சேர்ந்து நடத்துவது, இந்த முறைகளையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறது. பழக்கம் பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை.

எதை எடுக்கக் கூடாது?

சகோதரிகளே, முறத்தில் புடைத்துத்தான் அரிசியை உலையில் போடுகிறோம். ஜப்பானிலிருந்து வருகிறது என்பதற்காக எல்லாமே நல்லதாகிவிடாது.

அங்கே 'கரோஷி' என்று ஒரு சொல் இருக்கிறது. வேலை செய்து செய்தே செத்துப்போவது என்று அர்த்தம். அதற்கென்று ஒரு தனிச் சொல் உண்டாகும் அளவுக்கு அங்கே நடந்திருக்கிறது. 2014-ல் அதைத் தடுக்கச் சட்டமே போட்டார்கள். 'குழுவுக்காக, கம்பெனிக்காக' என்று சொல்லிச் சொல்லியே ஆளை உறிஞ்சிவிட முடியும் என்பதற்கு அது சாட்சி.

பட்டு ஊரில் இருக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சரித்திரம் உண்டு. ஜப்பான் முன்னேறியதே பட்டு நூல் ஏற்றுமதியில்தான். அந்த நூலை எடுத்தது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகள். 1886-ல் கோஃபு என்ற ஊரில் அமெமியா பட்டு நூல் ஆலையில் வேலை நேரத்தைக் கூட்டி, கூலியைக் குறைத்தார்கள். சுமார் 100 பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்து, பக்கத்திலிருந்த கோயிலில் கூடினார்கள். ஜப்பானில் நடந்த முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்று சொல்கிறார்கள். நடத்தியவர்கள் பெண்கள்! ஆலைக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

நம்ம ஊரிலும் கோர்வை இழுக்கக் குழந்தைகளை உட்கார வைத்த காலம் இருந்தது. அப்பா அம்மா வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை தறிக்குழிப் பக்கம் உட்கார்ந்தது. அங்கேயும் இரண்டு கை ஒரே தாளத்தில்தான் போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் அழகான ஒத்துழைப்பு. ஆனால் ஒரு கைக்கு மட்டும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இல்லை. அதை ஒத்துழைப்பு என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, ஒற்றுமை என்ற பேரில் யாருடைய வாயையும் அடைக்கக் கூடாது. "குழுவுக்காகப் பொறுத்துக்கோ" என்ற சொல்லை ஒரே ஆளிடம் இரண்டாம் தடவை சொல்ல வேண்டி வந்தால், தப்பு அந்த ஆளிடம் இல்லை, குழுவின் ஏற்பாட்டில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கணக்குதான் நம்பிக்கை

முதலில் முடிச்சுப் போட்டு வைக்கச் சொன்னேனே, அதை இப்போது அவிழ்க்கிறேன். பேச்சு எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், கூலிப் பணம் பிரிக்கும்போது முகம் கறுத்தால் எல்லாம் போச்சு. தைக்கிற பீஸுக்கு மட்டும் கூலி என்றால், துணி வாங்கப் பஸ்ஸில் போய் வந்தவருக்கு என்ன? ஆர்டர் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கியவருக்கு என்ன? கணக்கு எழுதியவருக்கு, பெருக்கியவருக்கு என்ன? எல்லாருக்கும் சமம் என்றால், வேகமாகத் தைக்கிறவர் மனசு என்ன ஆகும்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு குழுவும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். ஆனால் மூன்று விதி எல்லோருக்கும் பொது. கூடத்துக்காகச் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேர் இருக்க வேண்டும், அது நோட்டில் ஏற வேண்டும். கூலி விகிதத்தை வேலை தொடங்கும் முன்பே பேச வேண்டும், பணம் வந்த பிறகு பேசக் கூடாது. மாதம் ஒரு தடவை வரவு செலவு முழுவதையும் சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டும். கணக்கு கேட்பது சந்தேகப்படுவது என்று நினைக்காதீர்கள். கோர்வை சரியாக விழுகிறதா என்று நெய்கிறவர் அடிக்கடி குனிந்து பார்ப்பதில்லையா? அது மாதிரிதான்.

அடுத்த கூட்டத்துக்குள்

கேட்டுவிட்டுப் போனால் மட்டும் பயனில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் தீர்மான நோட்டைத் திறந்து நான்கு வரி எழுதுங்கள்.

* காலை பத்து நிமிஷக் கூட்டம் எத்தனை மணிக்கு?
* தப்பைப் பார்த்து வேலையை நிறுத்தச் சொல்கிற உறுப்பினரை யாரும் திட்டக் கூடாது.
* பெருக்குவது முதல் கணக்கு எழுதுவது வரை முறைப் பட்டியல்.
* வேலைக்குக் கூலி விகிதம், கணக்குச் சார்ட் ஒட்டும் தேதி.

ஜப்பான் பேர்களை நீங்கள் மறந்துவிட்டாலும் பரவாயில்லை. கீரை, வேர், ஏன், ஆணி, தோள் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இதில் முதலாவதாக ஒன்று செய்யுங்கள் என்றால் இரண்டாவது வரியைச் சொல்வேன். மற்ற மூன்றையும் நோட்டில் எழுதிவிடலாம். இது மட்டும் பெரியவர்கள் நடந்து காட்டினால்தான் வரும். குழுவிலேயே வயசில் சின்னவர், வசதியில் குறைந்தவர், அதிகம் பேசாதவர் யார் என்று பாருங்கள். அவர் தைரியமாக "நிறுத்துங்க" என்று சொல்கிற நாள்தான் உங்கள் கூடம் கூட்டுத் தொழில் ஆன நாள்.

இழை அறுந்தது தெரிந்ததும் தறியை நிறுத்துவோம். முடிச்சுப் போடுவோம். சேர்ந்து மறுபடி நெய்வோம்.